ஒரு கம்பெனியின் ஜாதகம்

பி.எஸ்ஸி., வேதியியல், இரண்டாம் ஆண்டு

பெண் கொடுக்கும் முன் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை விசாரணை செய்கிறார்கள்! மாப்பிள்ளைக்கு நிலையான வேலை உண்டா, குடிப்பழக்கம் உண்டா, பங்காளிகளோடு வழக்கு ஏதும் உண்டா, ஊரில் கடன் உண்டா என்று நாலு பேரைக் கேட்டு, அந்த நாலு பேர் சொன்னது சரியா என்று இன்னும் நாலு பேரைக் கேட்டு, பிறகுதான் தட்டு மாற்றுகிறார்கள். ஆனால் அதே பெரியவர்கள், ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தை முன்பின் அறியாத ஒரு கம்பெனியின் கையில் கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு சான்றிதழே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் திருமணத்துக்கென்று சேர்த்த 80,000 ரூபாயை எங்கள் ஊரில் புதிதாகக் கிளை திறந்திருந்த ஒரு கம்பெனியில் போட்டார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. பதினொரு மாதம் தவறாமல் வந்தது. பன்னிரண்டாம் மாதம் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. "சர்க்கார் முத்திரை போட்ட பத்திரம் மாட்டியிருந்தாங்களே" என்று அப்பா அன்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நூற்பாலைக்குப் போனார். திருமணம் மூன்று ஆண்டு தள்ளிப் போயிற்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான் என்றால், அதற்கான கட்டணத்தில் பாதி அக்காவின் ஆலைக் கூலி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சான்றிதழ் போலியானதன்று. உண்மையான சான்றிதழ்தான். இதை நான் சென்ற ஆண்டுதான் தெரிந்துகொண்டேன். ஒரு கம்பெனி பதிவு செய்யப்பட்டது என்பதற்கு மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம் அளிக்கும் தாள் அது. குழந்தை பிறந்ததற்கு நகராட்சி கொடுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கு ஒப்பானது. குழந்தை பிறந்தது உண்மை; அது வளர்ந்து யோக்கியனாக இருக்கும் என்று நகராட்சி ஜாமீன் கொடுப்பதில்லை. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு கம்பெனியைத் தொடங்க இவ்வளவு மூலதனம் வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்புகூட இல்லை. இரண்டு பேரும் ஒரு முகவரியும் சில ஆயிரம் ரூபாய்ச் செலவும் இருந்தால் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பிறந்துவிடும்.

வணிகவியல் மாணவர்கள் இக்கட்டுரையைப் படித்துப் புன்னகை செய்யக்கூடும். அவர்களுக்கு இது அரிச்சுவடி. எங்களைப் போன்ற அறிவியல் மாணவர்களுக்கு உப்பின் வேதிக்குறியீடு தெரியும். கம்பெனியின் குறியீடு தெரியாது. நம் வணிகவியல் பேராசிரியர் ஒருவர், நூலகத்துக் கணிப்பொறியில் ஒரு பிற்பகல் முழுவதும் பொறுமையாக எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பிழை இருப்பின் என்னுடையது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பப்ளிக் கம்பெனி" என்றதும் நம்மில் பலர் அரசாங்கக் கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, பிரைவேட் கம்பெனி என்பது 200 உறுப்பினருக்கு மேற்படாதது, பங்குகளை விருப்பம்போல் பிறருக்கு மாற்றத் தடை விதித்திருப்பது, தன் பங்குகளை வாங்கும்படி பொதுமக்களை அழைக்கக் கூடாதது. பப்ளிக் கம்பெனிக்குக் குறைந்தது 7 உறுப்பினரும் 3 இயக்குநரும் வேண்டும். அதுவும் முழுக்கத் தனியார் கையில் இருக்கலாம். பங்குச்சந்தையில் இடம்பெற்றும் இருக்கலாம், இடம்பெறாமலும் இருக்கலாம். அரசாங்கம் 51 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால்தான் அது அரசுக் கம்பெனி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதும் திருச்சியில் கொதிகலன் செய்வதும் அவ்வகை.

அடுத்தது "லிமிடெட்" என்ற சொல். என் தந்தையார் அதைப் "பெரிய கம்பெனி" என்று பொருள் கொண்டிருந்தார். உண்மையில் அதன் பொருள் பொறுப்புக்கு வரம்பு உண்டு என்பதே. கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் தாம் போட்ட பங்குப் பணத்தை மட்டும் இழப்பார். மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி அவர் வீட்டையும் காட்டையும் தொட முடியாது. ஒரு இலட்ச ரூபாய் பங்கு மூலதனத்தோடு நடக்கும் கம்பெனி ஊராரிடம் ஒரு கோடி வாங்கியிருந்தால், நட்டத்தைச் சுமப்பவர் யார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்சரிக்கைப் பலகையை நாம் விருதுப் பலகையாக வாசித்திருக்கிறோம்!

இனி விசாரணையைத் தொடங்கலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியீடு ஒன்று உண்டு. கடிதத்தாள், பட்டியல், அறிவிப்பு எல்லாவற்றிலும் அதை அச்சிட வேண்டும் என்பது சட்டம். தொழில் நடக்கும் ஒவ்வோர் அலுவலகத்தின் வெளியிலும் கம்பெனியின் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பகுதியில் வழங்கும் மொழியின் எழுத்திலும் எழுத வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே ஒருவர் கையில் கொடுக்கும் துண்டுத்தாளில் இந்த எண் இல்லையென்றால் முதல் சந்தேகத்தை அங்கேயே கொள்ளலாம்.

இந்தக் குறியீடு நம் தனிம அட்டவணையைப் போல் ஒழுங்கானது. யாவரும் அறிந்த ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சென்னை டயர்க் கம்பெனியாகிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் குறியீடு எல் 25111 டிஎன் 1960 பிஎல்சி 004306. முதலில் நிற்கும் "எல்" என்பது பங்குச்சந்தையில் இடம்பெற்றது என்பதைக் காட்டும். இடம்பெறாதவற்றுக்கு அங்கே "யு" நிற்கும். அடுத்த ஐந்து எண்கள் தொழில் வகை. 25 என்று தொடங்குவது இரப்பர், பிளாஸ்டிக் தொழிலைக் குறிக்கும். "டிஎன்" தமிழ்நாடு. கோவைப் பதிவாளர் எல்லைக்கு உட்பட்ட கம்பெனி என்றால் "டிஇசட்" என்று இருக்கும். நம் மாநிலத்தில் சென்னையிலும் கோவையிலும் பதிவாளர் அலுவலகங்கள் உண்டு. அடுத்தது பிறந்த ஆண்டு 1960. "பிஎல்சி" என்பது பப்ளிக் கம்பெனி. பிரைவேட் என்றால் "பிடிசி". ஒரே ஆளின் கம்பெனி என்றால் "ஓபிசி". கடைசி ஆறும் பதிவு எண். பலூன் செய்து விற்ற சிறு தொழிலாக 1946-இல் திருவொற்றியூரில் தொடங்கிய ஒன்று 1960-இல்தான் கம்பெனியாயிற்று என்ற வரலாற்றின் ஒரு துண்டும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

இப்போது பயனைப் பாருங்கள். "நாற்பது ஆண்டுப் பாரம்பரியம்" என்று துண்டுத்தாளில் போட்டிருக்கும். குறியீட்டில் 2022 என்று இருக்கும். "நிதி நிறுவனம்" என்று சொல்வார்கள்; தொழில் எண் கணிப்பொறிப் பணிக்கு உரிய 72 என்று தொடங்கும். ஒரு பைசாச் செலவில்லாமல் இரண்டு பொய்கள் வெளிவந்துவிடும். தொழிலைப் பின்னர் மாற்றிக்கொண்ட நல்ல கம்பெனிகளும் உண்டு. எனவே எண் பொருந்தவில்லை என்றால் குற்றவாளி என்று முடிவு கட்டாமல், ஏன் பொருந்தவில்லை என்று கேட்க வேண்டும்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரையோ குறியீட்டையோ இட்டால் அதன் அடிப்படை விவரங்கள் கட்டணமின்றிக் கிடைக்கும். பதிவு அலுவலக முகவரி, பிறந்த தேதி, மூலதனம், இயக்குநர் பெயர்கள், கடைசியாக ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த தேதி, கடைசியாக ஐந்தொகை தாக்கல் செய்த தேதி, இன்றைய நிலை ஆகியவை அதில் இருக்கும்.

மூலதனம் என்ற இடத்தில் இரண்டு தொகைகளைக் காண்பீர்கள். ஒன்று அனுமதிக்கப்பட்ட மூலதனம். மற்றொன்று செலுத்தப்பட்ட மூலதனம். முன்னது இவ்வளவு வரை பங்கு வெளியிடலாம் என்ற எல்லை மட்டுமே. பின்னதுதான் உரிமையாளர்கள் உண்மையில் போட்ட பணம். "பத்துக் கோடி மூலதனக் கம்பெனி" என்று மார்தட்டுவோர் பெரும்பாலும் முன்னதைச் சொல்கிறார்கள். நூறு பேர் உட்காரும் பந்தி என்று சொல்லிப் பத்து இலை போட்ட கதைதான்.

ஐந்தொகைத் தேதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மார்ச் 31-இல் கணக்கை முடிக்கும் கம்பெனி செப்டம்பர் 30-க்குள் பொதுக்கூட்டம் நடத்தி, அதிலிருந்து 30 நாளுக்குள் கணக்கையும் 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கையையும் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். மூன்றாண்டு தொடர்ந்து கொடுக்காத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்கு இயக்குநராகும் தகுதியை இழப்பர். 2017-ஆம் ஆண்டில் இப்படிச் செயலற்றுக் கிடந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டன. கணக்குக் கொடுக்காதவனிடம் கணக்குக் கேட்கப் போகிறோமா என்பதை முன்கூட்டியே யோசிக்க இத்தேதி உதவும்.

நிலம் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்கிறோம் அல்லவா? கம்பெனிக்கும் அப்படி ஒன்று உண்டு. தன் சொத்தை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கும் கம்பெனி அதைப் பதிவாளரிடம் பதிய வேண்டும். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எந்தத் தேதி, அடைத்தாயிற்றா இல்லையா என்பதெல்லாம் அங்கே இருக்கும். கடன் இருப்பதே குற்றமன்று; நல்ல தொழிற்சாலைகளெல்லாம் கடனில்தான் ஓடுகின்றன. ஆனால் எல்லாச் சொத்தும் வங்கியிடம் அடமானமாக இருக்குமானால், நாளை ஏலம் வரும்போது வங்கிக்கு முன்வரிசை. நமக்குக் கடைசி வரிசை.

இயக்குநர்களுக்கும் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. அதைக் கொண்டு அவர் வேறெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார், இருந்தார் என்று பார்க்கலாம். என் அனுபவத்தில் அதிகம் பேசியது இந்த எண்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் நூறு ரூபாய் கட்டி, கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களையே பார்க்கலாம். சட்டத்தின் 399-ஆம் பிரிவு இந்த உரிமையை "எவருக்கும்" கொடுக்கிறது. பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அமைப்பு விதிகள், ஐந்தொகை, தணிக்கையாளர் அறிக்கை, பங்குதாரர் பட்டியல் எல்லாம் வரும். நான் தணிக்கையாளர் அறிக்கையை முதலில் படிக்கச் சொல்வேன். அதில் "நீங்கலாக" என்ற பொருளில் ஏதேனும் நிபந்தனை போட்டிருந்தால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நூறு ரூபாய் கொடுக்கலாம். அதன்பின் உறவுடையோருடன் நடந்த கொடுக்கல் வாங்கல் என்ற குறிப்பு. கம்பெனியின் பணம் இயக்குநரின் மைத்துனர் நடத்தும் இன்னொரு கம்பெனிக்குக் கடனாகப் போயிருப்பது அங்கேதான் தெரியும்.

பங்குச்சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளின் விஷயத்தில் நூறு ரூபாயும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவையும், யாரிடம் எத்தனை பங்கு என்பதையும் அவை வெளியிட்டாக வேண்டும். மும்பை, தேசியப் பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் எல்லாம் கிடைக்கும். புதிதாகப் பங்கு வெளியிடும் கம்பெனி தரும் விளக்கப் பத்திரத்தில், தனக்கு என்னென்ன ஆபத்து உண்டு என்று தானே ஒப்புக்கொள்ளும் பகுதி ஒன்று இருக்கும். பெண் வீட்டார் தம் பெண்ணின் குறைகளைத் தாமே எழுதிக் கொடுப்பது போன்ற அரிய பகுதி அது. விளம்பரத்தை விட்டுவிட்டு அதைப் படிக்க வேண்டும்.

ஆவணம் இருப்பதாலேயே உண்மை இருக்கிறது என்று கொள்ளலாமா? கூடாது. ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மும்பையிலும் நியூயார்க்கிலும் பங்குச்சந்தையில் இருந்த கம்பெனி. புகழ்பெற்ற தணிக்கையாளர்கள் கையொப்பமிட்ட கணக்கு. 2008-இல் நல்ல நிர்வாகத்துக்கான விருதும் வாங்கியது. 2009 ஜனவரி 7-ஆம் நாள் அதன் நிறுவனர் இராமலிங்க ராஜு, வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். வேதியியல் ஆய்வகத்தில் நாம் என்ன செய்கிறோம்? வினைக்கு முன்னும் பின்னும் நிறை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஐந்தொகையிலும் அதே சோதனையைச் செய்யலாம் என்று பேராசிரியர் சொன்னார். வங்கியில் நூறு கோடி இருக்கிறது என்றால் அதற்கேற்ற வட்டி வருமானம் வந்திருக்கிறதா? இலாபம் ஆண்டுதோறும் ஏறுகிறது என்றால் ரொக்கமாக வந்ததா, அல்லது "வரவேண்டிய பாக்கி" என்ற தலைப்பில் குவிந்து கிடக்கிறதா? எல்லா மோசடியும் இதில் பிடிபடாது. சில பிடிபடும்.

பொதுமக்கள் யார், தனியார் யார் என்பதே ஒரு பெரிய வழக்கானதும் உண்டு. சகாரா குழுமத்தின் இரண்டு கம்பெனிகள் கடன் பத்திரங்களை விற்றுப் பெரும் பணம் திரட்டின. இது எங்கள் நண்பர்களுக்கும் பணியாளர்களுக்கும் உள்ளே கொடுத்தது, பொது வெளியீடு அன்று என்று வாதாடின. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ போனால் அது பொதுமக்களை அழைத்ததாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டு 31-இல் தீர்ப்புக் கூறி, 24,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை 15 விழுக்காடு வட்டியோடு திருப்பித் தரச் சொல்லியது. "தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறோம்" என்று நம் தெருவில் வந்து சொல்பவர்களும் இதே வாதத்தைத்தான் சொல்கிறார்கள்.

நமக்கு அடிக்கடி வேண்டியது இந்த வைப்புத்தொகை விஷயம்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு சாதாரணப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கவே முடியாது. பப்ளிக் கம்பெனியிலும், நிகர மதிப்பு 100 கோடியோ விற்றுமுதல் 500 கோடியோ உடையதுதான், அதுவும் பல நிபந்தனைகளோடு வாங்கலாம். கடன் கொடுக்கும் நிதிக் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியில் தனியாகப் பதிய வேண்டும்; அப்படிப் பதிந்தவற்றிலும் வைப்புத்தொகை வாங்கத் தனி அனுமதி பெற்றவை மிகச் சிலவே. அந்தப் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. 2016-இல் தொடங்கிய "சசேத்" என்ற தளத்திலும் தேடலாம், அங்கேயே புகாரும் எழுதலாம். பெயர் "நிதி லிமிடெட்" என்று முடிந்தால் அது தன் உறுப்பினர்களிடம் மட்டுமே வாங்கிக் கொடுக்க வேண்டிய வேறு இனம். சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி நம் மாநிலப் பதிவுத்துறையில் ஒவ்வொரு சீட்டுக்கும் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இவற்றில் எதிலும் அடங்காத வசூல், 2019-இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி குற்றம்.

பெயரில் "அண்டு கோ" என்று இருப்பதெல்லாம் கம்பெனி அல்ல. தனி ஆள் வியாபாரமாகவோ கூட்டாளி வியாபாரமாகவோ இருக்கலாம். இவற்றுக்குக் கம்பெனிப் பதிவாளரிடம் ஜாதகம் கிடையாது. ஆனால் ஒரு சிறு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி. கடை இரசீதில் 15 இடங்கள் கொண்ட ஜி.எஸ்.டி. எண் இருக்கும். முதல் இரண்டு இடம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடமும் வருமான வரிக் கணக்கு எண். மொத்தத்தில் ஆறாவது இடத்தில் நிற்கும் எழுத்தைப் பாருங்கள். "சி" என்றால் கம்பெனி. "எஃப்" என்றால் கூட்டாளி நிறுவனம். "பி" என்றால் தனி மனிதர். பளபளப்பான பெயர்ப்பலகைக்குப் பின்னால் நிற்பது ஒரே ஓர் ஆள் என்பதைத் தேநீர் குடித்துவிட்டு வாங்கும் இரசீதிலேயே கண்டுகொள்ளலாம்! அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் இட்டால் சட்டப்படியான பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் இலவசமாகத் தெரியும்.

வேலை தேடப்போகும் மூன்றாம் ஆண்டு நண்பர்களுக்கு ஒன்று. வேலை தருவதாகச் சொல்லிப் பயிற்சிக் கட்டணம் கேட்கும் கம்பெனிகள் பல. வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத்தின் பெயரை இட்டுத் தேடினால், ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்கு அது பணம் கட்டியது என்ற எண்ணிக்கை வரும். "ஐந்நூறு பேர் வேலை செய்கிறார்கள்" என்ற கம்பெனி பதினான்கு பேருக்குக் கட்டியிருந்தால், மீதிப் பேர் எங்கே என்று நேர்முகத்தேர்வில் நீங்களே ஒரு கேள்வி கேட்கலாம்.

அரசுக் கம்பெனிகளைப் பற்றி அறிவது எளிது. அவற்றின் ஆண்டறிக்கைகள் நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கப்படுகின்றன. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் குறிப்புகளும் உடன் இருக்கும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படிப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் நேராகவே கேட்கலாம். தனியார் கம்பெனியை அப்படிக் கேட்க முடியாது. ஆனால் அதைப் பற்றி அரசு அலுவலகம் வைத்திருக்கும் தகவலை அந்த அலுவலகத்திடம் கேட்கலாம். அருகிலுள்ள ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் தாய்மாமன் ஒரு தோல்பையோடு வீட்டுக்கு வந்தார். "அக்கா, மாசம் ஆயிரம் கட்டு. இருபது மாசத்துல முப்பதாயிரம். சர்க்கார்ல பதிஞ்ச கம்பெனி" என்றார். அம்மாவும் மகளிர் குழுவில் பதினொரு பேரும் சேர்ந்தார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று தவணை கட்டிய பிறகுதான் விடுமுறைக்கு வந்த என் கண்ணில் அந்த இரசீது பட்டது. குறியீடு அச்சிட்டிருந்தது, அந்த அளவுக்கு ஒழுங்கான கம்பெனி.

நூலகத்தில் நாங்கள் கண்டது இது. பிரைவேட் லிமிடெட். பிறந்து பதினான்கு மாதம். செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு இலட்சம். தொழில், கணிப்பொறி ஆலோசனை. பதிவு அலுவலகம் வேறொரு மாவட்டத்தில் ஒரு வீட்டின் மாடி. ரிசர்வ் வங்கிப் பட்டியலில் பெயர் இல்லை. இயக்குநர்கள் இருவர், இருவரும் அதற்கு முன் வேறொரு கம்பெனியில் ஒன்றாக இருந்தவர்கள், அக்கம்பெனியின் நிலை "பெயர் நீக்கப்பட்டது".

பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்து அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மாமாவிடம் கொடுத்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, என் பணமே நாப்பதாயிரம் அதுல கெடக்குது" என்றார். பிறகு, "என் பேச்சைக் கேட்டுப் போட்டவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார். ஏமாற்ற வந்தவர் என்று நான் வழியெல்லாம் மனத்துக்குள் திட்டிக்கொண்டு வந்த மனிதர், எங்களுக்கு முன்பே ஏமாந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அவரே அந்தத் தாள்களோடு கிளை அலுவலகத்துக்குப் போனார். குழுப் பெண்களும் போனார்கள். மூன்று நாள் சண்டைக்குப் பின் பன்னிரண்டு பேருக்கும் கட்டிய பணம் மட்டும் திரும்பிற்று. மாமாவின் பணம் வரவில்லை. அவர் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறார். 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் முடிந்தபின் ஒருநாள் இரவு அப்பா தகரப்பெட்டியைத் திறந்து, நான்காக மடித்த பழைய இரசீது ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதையும் அந்தப் பொட்டில பார்க்க முடியுமாப்பா?" என்றார். அதில் குறியீடு இல்லை. பெயரை இட்டுத் தேடினேன். கிடைத்தது. செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு இலட்சம். ஒரே ஓர் ஆண்டுக்குக்கூட ஐந்தொகை கொடுக்கவில்லை. பெயர் நீக்கப்பட்டது. ஆனால் பெயரை நீக்கினாலும் இயக்குநர்களின் பொறுப்பு நீங்காது என்று அதே கம்பெனிகள் சட்டத்தின் 248-ஆம் பிரிவு சொல்வதாகப் பேராசிரியர் எடுத்துக் காட்டினார். இயக்குநர் இருவரின் பெயரும் எண்ணும் இப்போது எங்களிடம் இருக்கின்றன. பருவத்தேர்வு முடிந்ததும் அப்பாவும் நானும் இரசீதை எடுத்துக்கொண்டு குற்றப் பிரிவு அலுவலகத்துக்குப் போகிறோம். மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.